ஃபிலமென்ட்டுக்கு ஒரு சிட்டிகை

ஆயுத பூஜைக்கு ஒரு வாரம் முன்பே ஆய்வகக் கதவில் காகிதம் ஒட்டிவிட்டேன். ‘உள்ளே சந்தனம், குங்குமம், திருநீறு, பொரி, பூசணிக்காய், எலுமிச்சம்பழம் எதுவும் கூடாது. மீறுகிறவர்கள் என் முகத்தில் விழிக்க வேண்டாம். அருணா.’ பிரின்ஸிபால் அதைப் படித்துவிட்டு, “கடைசி வரி தேவையா மேடம்?” என்று கேட்டார். தேவைதான் என்றேன். போன வருஷம் யாரோ ஒரு புண்ணியவான் வேக்வம் பம்பின் தலையில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து குங்குமம் தடவிவிட்டுப் போயிருந்தார். சாறு ரப்பர் வளையத்துக்குள் இறங்கி, அதைத் துடைத்து எடுப்பதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

எனக்குக் கோபம் சட்டென்று வரும். சாமி நம்பிக்கை கிடையாது. இரண்டும் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். வீடு திண்டிவனத்தில், வேலை விழுப்புரத்தை ஒட்டிய ஒரு பொறியியல் கல்லூரியில். தினமும் பஸ்ஸில் போய் வருகிற தூரம். இயற்பியல் துறையின் கோடியில் ஒரு நீளமான அறை இருக்கிறது. அதில் நானும் லேப் டெக்னீஷியன் செந்தாமரையும் சில வருஷங்களாக ஒரே ஒரு கருவியைக் கட்டிக்கொண்டு அழுதோம்.

பூமியை விட்டுச் சில நூறு கிலோமீட்டர் மேலே போனால் மிச்சமிருப்பது மிக மெல்லிய வாயு. அதிலும் ஒரு பங்கு உடைந்த அணுக்கள். எலக்ட்ரானைப் பறிகொடுத்துவிட்டு நேர் மின்சுமையோடு திரிகிற அயனிகள், அவை பறிகொடுத்த எலக்ட்ரான்கள் என்று கலந்து கிடக்கும். அதற்குப் பிளாஸ்மா என்று பெயர். துருவங்களின் மேல் பறக்கும்போது அந்த அயனிகள் எவ்வளவு ஆற்றலோடு வருகின்றன, எத்தனை வருகின்றன என்று எண்ணிச் சொல்ல வேண்டும். எங்கள் கருவிக்கு அதுதான் வேலை.

கருவி பார்ப்பதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. இரண்டு அரைக்கோளக் கிண்ணங்கள், ஒன்றின் மேல் ஒன்று தொடாமல் கவிழ்த்தவை. நடுவே இரண்டு மில்லிமீட்டர் சந்து. உள் கிண்ணத்துக்கு மின்னழுத்தம் கொடுத்தால், சந்துக்குள் நுழையும் அயனி வளைந்து ஓடும். ஆற்றல் அதிகமாக இருந்தால் வளைய முடியாமல் வெளிச்சுவரில் மோதும். குறைவாக இருந்தால் உள்சுவரில் விழுந்துவிடும். அளவாக இருப்பது மட்டும் வளைவை முழுக்கச் சுற்றி வந்து டிடெக்டரில் விழும். கூட்டேரிப்பட்டு வளைவில் வேகமாக மயிலம் பக்கம் திரும்புகிற வண்டிகளைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. டிடெக்டர் என்பது ஒரு சின்னக் கண்ணாடிக் குழல். ஓர் அயனி விழுந்தால் திரையில் ‘ஒன்று’ என்று ஏறும். கிண்ணத்தின் அழுத்தத்தைப் படிப்படியாக மாற்றிக்கொண்டே போனால் எந்த ஆற்றலில் எத்தனை பேர் வருகிறார்கள் என்று வரைபடம் போட்டுவிடலாம்.

பல கல்லூரிகள் சேர்ந்து செய்யும் ஒரு சின்னச் செயற்கைக்கோளில் இதற்கு இடம் ஒதுக்கியிருந்தார்கள். ஆயுத பூஜை விடுமுறை முடிந்ததும் பெங்களூரிலிருந்து ஒருவர் வந்து சோதித்துப் பார்ப்பார். கருவி அயனிகளைச் சரியாக எண்ணுகிறது என்று அவர் கண்முன்னே காட்ட வேண்டும். காட்டினால் ஏறும். இல்லையென்றால் எங்கள் இடத்தில் ஏறுவதற்கு இன்னொரு கல்லூரியின் கேமரா ஒன்று தயாராக நின்றது. எங்கள் அறையை இன்டர்வியூ பயிற்சிக் கூடமாக மாற்ற நிர்வாகம் அளவெடுத்துவிட்டுப் போயிருந்தது. அளவெடுக்க வந்தவனிடம் நான் பேசியதை இங்கே எழுத முடியாது.

இதில் சிக்கல் என்னவென்றால், காட்டுவதற்கு எங்களிடம் அயனியே இல்லை. அயனிகளைச் சுட்டுத் தரும் துப்பாக்கி பழுதாகி வெளிநாட்டுக்குப் போயிருந்தது. அவர்களுக்கு எழுதினால் ‘விரைவில்’ என்று ஒரு வார்த்தை பதிலாக வரும். மிச்சமிருந்தது ஒரு டங்ஸ்டன் ஃபிலமென்ட். குண்டூசி வளைவு போல ஒரு மெல்லிய கம்பி. சூடாக்கினால் எலக்ட்ரான் தரும், அயனி தராது. அந்தக் கம்பியும் மூன்று முறை எரிந்து அறுந்து, புதிது மாற்றியிருந்தோம். ஒவ்வொரு முறையும் செந்தாமரை வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லாதது போல ‘உச்’ கொட்டுவாள்.

செந்தாமரைக்குச் சொந்த ஊர் இரும்பை. ஊரில் மாகாளேஸ்வரர் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் வீடு. நெற்றியில் திருநீறு இல்லாமல் அவளை நான் பார்த்ததில்லை. கருவி இருக்கிற தூசி புகாத கிளீன் டென்ட்டுக்குள் போகும்போது மட்டும் நெற்றியைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, வெளியே வந்ததும் மறுபடி பூசிக்கொள்வாள். அந்த ஒழுங்குக்காகவே அவளை எனக்குப் பிடிக்கும்.

ஆயுத பூஜை அன்று நான் திண்டிவனத்தில் இருந்தேன். என் வீட்டுக்காரர் பாண்டுரங்கன் பைக், மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி என்று வரிசையாகப் பொட்டு வைத்துக்கொண்டே வந்து என் லேப்டாப் முன்னால் நின்றார்.

“இதுக்கும் ஒண்ணு வெச்சிடறேன்.”

“வெச்சீங்கன்னா ராத்திரிக்குச் சோறு கெடையாது.”

“அது பாட்டுக்கு ஒரு மூலையில இருக்கும். உனக்கு என்னா பேஜாரு?” என்றவர், லேப்டாப் பைக்கு ஒரு பொட்டு வைத்துவிட்டுப் போய்விட்டார். சுண்டலை மட்டும் நான் விடவில்லை. கொள்கை வேறு, கொண்டைக்கடலை வேறு.

விடுமுறை முடிந்து திரும்பியதும் ஒரு முடிவுக்கு வந்தேன். அயனி இல்லாவிட்டால் போகட்டும், வெளிச்சச் சோதனையையாவது கச்சிதமாகச் செய்து வைக்கலாம். விண்வெளியில் சூரியன் சும்மா இருக்காது. அதன் ஒளி சந்துக்குள் புகுந்து டிடெக்டரைத் தொட்டால், கருவி அதையும் அயனி என்று எண்ணித் தொலைக்கும். அதைத் தடுக்கத்தான் கிண்ணங்களின் உள்பக்கம் முழுக்கக் கருப்பு பூசியிருந்தோம். அந்தப் பூச்சுக்கே ஒரு வருஷம் ஆனது. இப்போது ஃபிலமென்ட்டை ஒரு விளக்காக எதிரே எரியவிட்டு, கருவி ஏமாறாமல் பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்ப்பதுதான் திட்டம். கம்பியிலிருந்து எலக்ட்ரான்கள் ஓடிவந்துவிடாமல் இழுத்துப் பிடிக்க அதற்கு இருநூறு வோல்ட் நேர் அழுத்தம் கொடுத்தேன். கிண்ணமும் முந்தைய எலக்ட்ரான் சோதனையில் வைத்தபடி, இருநூறு வோல்ட் ஆற்றலைப் பிடிக்கிற அதே நிலையில்தான் இருந்தது. அயனியை எண்ணுவதற்காக அதன் அழுத்தத்தை நேரிலிருந்து எதிராக மட்டும் மாற்றிவிட்டேன்.

கருவியையும் கம்பியையும் இரும்புக் கலத்துக்குள் வைத்துக் காற்றை முழுக்க உறிஞ்சி எடுத்த பிறகு, கம்பியைச் சூடாக்கச் சொன்னேன். செந்தாமரை குமிழைத் திருப்பினாள். கலத்தின் கண்ணாடி ஜன்னல் வழியே கம்பி ஆரஞ்சு நிறத்தில் தெரிந்தது. திரையில் பூஜ்யம் இருந்தது. அப்புறம் பத்து. அப்புறம் நூறு. கம்பி இன்னும் கொஞ்சம் வெளுத்ததும் எண்கள் ஆயிரக்கணக்கில் பாய்ந்தன.

வெளிச்சம் உள்ளே போகிறது, பூச்சு தோற்றுவிட்டது என்றுதான் நினைத்தேன். ஒன்றுமே வராதபோது ஆயிரம் வந்தது என்று சொல்லும் கருவியை யார் ஏற்றுவார்கள்? மறுபடி பூசுவதற்கு நேரமும் இல்லை. கம்பியை அணைக்கச் சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். அழுகை வந்தது. அழுதால் கோபம் வருமே என்று அதையும் அடக்கிக்கொண்டேன்.

செந்தாமரை குமிழை விட்டுவிட்டு என் பக்கம் வந்தாள்.

“மேடம், ஒண்ணு சொல்லணும். நீங்க திட்டக் கூடாது.”

“திட்டுவேன். சொல்லு.”

“கருவிய நான் தொடலீங்க. சத்தியமா டென்ட்டாண்ட கூடப் போவல. பூஜைக்குன்னு பம்பு, கம்ப்யூட்டரு எதுக்கும் பொட்டு வைக்கல. இந்தப் புது ஃபிலமென்ட்டு கழுவி வெச்சது, ரூம் ஜன்னலுக்கு அந்தாண்ட, வராண்டா மேசையில காய்ஞ்சிக்கினு இருந்திச்சி. மூணு வாட்டி எரிஞ்சி போச்சே, பாவம், இதாவது நிக்கட்டும்னு…”

“நிக்கட்டும்னு?”

“ஒரு சிட்டிகை திருநீறு வெச்சேன்.”

“கதவுல என்னா எழுதி ஒட்டியிருக்கேன்?”

“உள்ள கூடாதுன்னு எழுதியிருக்கீங்க. இது வெளிய இருந்திச்சி மேடம்.”

இவளிடம் வக்கீலே தோற்றுப்போவார். எனக்கு வந்த ஆத்திரத்தில் என்னென்னவோ பேசினேன். சில வருஷ உழைப்பு என்றேன். உனக்கு அறிவிருக்கா என்றேன். கம்பியில் எந்த இடத்தில் வைத்தாய் என்று கேட்டதற்கு, “நெத்தியிலதான்” என்றாள்.

“கம்பிக்கு நெத்தி எதுடீ?”

“மேல வளைவா இருக்குமே, அந்த எடம்.”

வெளிச்சம் அதிகமாக வருகிற, சூடு அதிகமாக ஏறுகிற அதே முனை. தேடிப் பிடித்து வைத்திருக்கிறாள். நான் மேலும் கத்தினேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே, “கடையில வாங்கின தூளு இல்ல மேடம். எங்கப்பா சிவராத்திரிக்கு வரட்டி சுட்டு எடுத்த சாம்பலு. சுத்தமானது” என்றாள்.

சாம்பல் என்று அவள் சொன்னதும் நான் கத்துவதை நிறுத்தினேன். எங்கள் வீட்டில் கரும்புக்குப் பொட்டாஷ் மூட்டை வாங்கத் தொடங்குவதற்கு முன்பெல்லாம் அடுப்புச் சாம்பலைத்தான் கொண்டுபோய்க் கழனியில் கொட்டுவார்கள். இரண்டிலும் இருப்பது பொட்டாசியம். மாடு தின்ற வைக்கோலில் இருந்தது வரட்டியில் இருக்கும், வரட்டியில் இருந்தது சாம்பலில் இருக்கும். பொட்டாசியத்துக்கு ஒரு குணம் உண்டு. காய்ந்து கொதிக்கிற டங்ஸ்டனின் மேல் உட்கார்ந்தால், தன் எலக்ட்ரானை அங்கேயே விட்டுவிட்டு அயனியாகக் கிளம்பிவிடும். கம்பிக்கு நான் கொடுத்திருந்த நேர் அழுத்தம் எலக்ட்ரானைப் பிடித்து வைக்கும், அயனியையோ பிடித்து வெளியே தள்ளும்.

“செந்தாமரை, கம்பிய மறுபடி சூடு பண்ணு.”

“நான் வேணா வீட்டுக்குப் போறேன் மேடம்.”

“அடிப்பேன். ஜல்தி!”

கம்பி ஒளிர்ந்தது. எண்கள் பாய்ந்தன. இந்த முறை கிண்ணத்தின் அழுத்தத்தை ஒரே இடத்தில் வைக்காமல் படிப்படியாக மாற்றச் சொன்னேன். வெளிச்சம் என்றால் கிண்ணத்தில் எந்த அழுத்தம் இருந்தாலும் ஒரே மாதிரி எண்ண வேண்டும், ஏனென்றால் வெளிச்சத்தை மின்னழுத்தம் வளைக்காது. திரையில் கோடு தரையோடு தரையாக வந்தது. இருநூறுக்குப் பக்கத்தில் செங்குத்தாக எழுந்தது. மறுபடி தரைக்கு இறங்கியது. ஒரே ஒரு முகடு, ஊசி மாதிரி.

“கம்பிக்கு முந்நூறு வோல்ட் குடு.”

கொடுத்தாள். முகடு நகர்ந்து முந்நூறில் போய் நின்றது. நானூறு கொடுத்தோம். நானூறில் நின்றது. கம்பியில் எத்தனை வோல்ட்டில் தள்ளினோமோ அத்தனை ஆற்றலோடு அயனிகள் வந்தன. கருவி அதைப் பிசகாமல் சொன்னது. பூச்சு தோற்கவில்லை. கிண்ணம் சரி, சந்து சரி, டிடெக்டர் சரி. நான் எழுந்து செந்தாமரையைக் கட்டிக்கொண்டேன். அவளுக்கு என்ன நடக்கிறது என்றே விளங்கவில்லை. திட்டியதற்கு மன்னிச்சிடு என்றேன். “அதெல்லாம் ஒண்ணுமில்ல மேடம், அப்ப சாமிதான் காப்பாத்திச்சி” என்றாள். “பொட்டாசியம் காப்பாத்திச்சி” என்றேன். “அதையும் அவருதான் குடுத்திருப்பாரு” என்றாள். அன்றைக்கு இருந்த சந்தோஷத்தில் அதை விட்டுக்கொடுத்தேன்.

சந்தேகம் தீரட்டும் என்று, அடுத்த நாள் வேறொரு கம்பியில் கடைத் திருநீற்றுப் பொட்டலத்திலிருந்து கொஞ்சம் எடுத்து வைத்துப் பார்த்தோம். ஓர் அயனி கூட வரவில்லை. பெயருக்குத்தான் திருநீறு, வெறும் சுண்ணாம்புத் தூள். அதைத் திரையில் பார்த்ததும் செந்தாமரை முகத்தில் வந்த பெருமையை நான் எதற்கும் அளவாக வைக்கலாம்.

அதற்கு மறுநாள் பெங்களூர்க்காரர் காலையிலேயே வந்துவிட்டார். பெயர் ஆரோக்கியராஜ். சொந்த ஊர் மரக்காணம் பக்கம் கடலோரம் என்று பேச்சில் தெரிந்தது. ஒல்லியான மனிதர், அதிகம் பேசாதவர். கம்பியைச் சூடாக்கி, முகட்டை இருநூறிலிருந்து ஐந்நூறு வரை நடக்கவைத்துக் காட்டினேன். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

“நல்லா இருக்குங்க. சோர்ஸ் என்னா?”

இதற்கு நான் பஸ்ஸில் வரும்போதே ஒத்திகை பார்த்திருந்தேன். “பொட்டாசியம் சார். சர்ஃபேஸ் அயனைசேஷன்.”

“ஓ. எங்க வாங்கினீங்க?”

இதற்கு ஒத்திகை பார்க்கவில்லை. நான் தொண்டையைச் செருமிக்கொண்டிருக்கும்போதே செந்தாமரை, “வாங்கல சார், எங்க வீட்ல சுட்டது” என்றாள். அப்புறம் எதை மறைப்பது? மாடு முதல் மேசை வரை எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடித்தபோது காது சூடாக இருந்தது. ஆரோக்கியராஜ் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. அது அதைவிட மோசமாக இருந்தது.

“அது சரி. அந்தப் பொட்டாசியம் எவ்ளோ நாளா உள்ள ஓடுது?”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அயனிகள் எங்கே போய் விழுந்தன? டிடெக்டரில். நாள் முழுக்க ஆசை ஆசையாக ஓடவிட்டிருந்தோம். பொட்டாசியம் அந்தக் கண்ணாடிக் குழலில் படிந்திருந்தால் அது கெட்டுப்போயிருக்கும். கெட்ட டிடெக்டர் யாரும் வராவிட்டாலும் தானாகவே எண்ணிக்கொண்டிருக்கும். மேலே போய் அது சொல்லும் எண்ணிக்கையை யாரும் நம்ப முடியாது. எங்களைக் காப்பாற்றியதே எங்களைக் கவிழ்த்திருக்கலாம். கருவி நல்லது என்று காட்டும் அவசரத்தில் நானே அதைக் கெடுத்திருக்கலாம்.

“கம்பிய அணைங்க. டிடெக்டர அப்பிடியே ஓட விடுங்க. சும்மா பாக்கலாம்” என்றார்.

செந்தாமரை குமிழைத் திருப்பினாள். ஜன்னலில் வெளிச்சம் மங்கி அணைந்தது. எண்கள் சரிந்தன. நூறு, பதினெட்டு, இரண்டு. அப்புறம் பூஜ்யம்.

பூஜ்யம் என்பதால் முடிந்துவிடவில்லை. அது நிற்க வேண்டும். மூன்று பேரும் திரையையே பார்த்துக்கொண்டு நின்றோம். பம்பு முனகிக்கொண்டிருந்தது. கேன்டீன் பையன் கொண்டுவந்து வைத்த டீயை யாரும் தொடவில்லை. செந்தாமரையின் உதடு அசைந்தது, எதையோ முணுமுணுத்தாள். நான் அதைத் தடுக்கவில்லை. ஓர் எண் ஏறக்கூடாது என்று கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். பூஜ்யம். பூஜ்யம். டீயில் ஆடை படிந்தது.

திரையில் ‘ஒன்று’ விழுந்தது.

“மேடம்!” என்றாள் செந்தாமரை. அடுத்ததற்காகக் காத்திருந்தோம். அடுத்தது வரவில்லை. மறுபடி பூஜ்யம்தான், பூஜ்யமேதான்.

ஆரோக்கியராஜ் ஆறிப்போன டீயை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார். “நல்ல டிடெக்டருன்னா இவ்ளோ கம்மியாத்தான் இருக்கும். டிடெக்டருக்கு ஒண்ணும் ஆவல. ஏத்திக்கலாங்க” என்றார். ஏத்திக்கலாம் என்ற அந்த ஒரு வார்த்தையைக் கேட்டதும் மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

“அப்ப அந்த ஒண்ணு என்னாது சார்?” என்று கேட்டாள் செந்தாமரை.

“அதுவா? வானத்துலேர்ந்து எந்நேரமும் நம்ம மேல துகளு பெய்ஞ்சிக்கினேதாம்மா இருக்கு. கூரை, சுவரு எதுவும் தடுக்காது. அதுல ஒண்ணு குறுக்க போயிருக்கும். இல்லன்னா அந்தக் கண்ணாடியிலயே கொஞ்சம் கதிரியக்கம் இருக்கும், அதுலேர்ந்து வந்திருக்கும். ரெண்டுல எதுன்னு யாராலயும் சொல்ல முடியாது.”

அவர் பையைத் தூக்கிக்கொண்டு பிரின்ஸிபாலைப் பார்க்கப் போனார். நான் திரையை விட்டு நகரவில்லை. இத்தனை வருஷம் வளைத்து, தேய்த்து, கருப்புப் பூசிய கருவி அது. இன்னும் மேலே போகவில்லை. விழுப்புரத்தில் ஒரு மேசையின் மேல்தான் இருக்கிறது. மேலிருந்து ஒன்று இறங்கி வந்து, கூரையைத் தாண்டி, அதன் கதவைத் தட்டிவிட்டுப் போயிருக்கிறது. எனக்குக் கண் நிறைந்தது. இந்த முறை நான் அதை அடக்கவில்லை.

“எதுங்க மேடம் அது? கண்ணாடியா, வானமா?”

“வானந்தான்.”

“யாராலயும் சொல்ல முடியாதுன்னாரே. உங்களுக்கு மட்டும் எப்பிடித் தெரியும்?”

“தெரியாது செந்தாமரை” என்றேன். “நம்பறேன்.”